கம்பனி மாறினால் கொம்பியூட்டரைக் குறை சொல்லாதீர்கள்

உக்குவளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ வாங்கி விற்கும் கடை எங்களுடையது. வாப்பாவின் காலத்தில் கணக்கெல்லாம் கொப்பியில் இருந்தது. என் காலத்தில் அது கொம்பியூட்டருக்கு வந்தது. மிளகு வந்து குவிகின்ற நாட்களில், ஒரு காலைப் பொழுது முழுவதும் அந்தக் கணக்கு என் கையை விட்டுப் போய்விட்டதென்றே நான் நினைத்துக் கொண்டிருந்தேன். நடந்ததை முதலில் சொல்கிறேன், பாடத்தைப் பிறகு பார்ப்போம். நான் கொம்பியூட்டர் படித்தவன் அல்ல. சாதாரண தரம் வரை படித்துவிட்டுத் தராசுக்குப் பின்னால் வந்து நின்றவன். ஆகவே எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

எங்கள் கடையில் மூன்று கொம்பியூட்டர்கள். முன் கவுண்டரில் ஒன்று, ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்தில் ஒன்று, உள்ளே ஒபிஸ் அறையில் ஒன்று. கணக்கு முழுவதும் ஒபிஸ் கொம்பியூட்டரில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் வயர் வழியாக அதைக் கேட்டுத்தான் பில் அடிக்கும், பாக்கி சொல்லும். மூன்றிலும் ஓடுவது லினக்ஸ்.

பழைய இன்டர்நெட் இணைப்பு மழை பெய்தால் விழும். பலமுறை சொல்லியும் சரிவரவில்லை. ஆகவே வேறொரு கம்பனியின் இணைப்பை எடுத்தேன். மாலையில் ஒரு பையன் வந்து, பழைய பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய ரௌட்டரைப் பொருத்தினான். என் போனில் வட்ஸ்அப் வருகிறதா என்று பார்த்தான், வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை கடை திறந்தால் கவுண்டரில் கணக்கு வரவில்லை. பில் அடிக்கும் பிரின்டர் அசையவில்லை. ஒபிஸ் கொம்பியூட்டரில் இன்டர்நெட்டும் இல்லை. கொழும்பில் சரக்கு வாங்குபவர் நிறை விபரத்தை ஈமெயிலில் அனுப்பச் சொல்லி இரண்டு முறை அழைத்துவிட்டார். வாசலில் மூட்டைகளோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

அவர்களில் ஒருவர், மலைப்பக்கக் கிராமமொன்றிலிருந்து வருகின்ற வயதான சிங்களப் பெண்மணி. மிளகைத் தந்துவிட்டுப் பணத்தில் பாதியை எடுப்பார், மீதியை என்னிடமே வைத்துவிட்டுப் போவார். அன்று அந்த மீதியைக் கேட்டு வந்திருந்தார், மகளின் வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்க வேண்டுமாம். அவர் கையில் துண்டு எதுவும் கிடையாது. நான் சொல்கின்ற கணக்குத்தான் அவருக்குக் கணக்கு. இப்படி எங்களிடம் பணம் வைத்திருப்பவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்ல. அது எங்கள் பணம் அல்ல, அமானிதம்.

டவுனிலிருந்து கொம்பியூட்டர் திருத்துகின்ற தம்பியொருவரை அழைத்தேன். வந்து பத்து நிமிடம் தட்டிப் பார்த்தார். “ஹாஜியார், இது லினக்ஸ்தானே, புது லைனுக்கு இது சரிவராது. ஃபோமட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாறேன். பின்னேரத்துக்குள்ள முடிச்சிரலாம்” என்றார்.

ஃபோமட் அடிப்பதென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுவது. பென் டிரைவில் எடுத்து வைத்த பிரதி மூன்று மாதம் பழையது. அந்த மூன்று மாதத்தில்தான் மிளகு வந்திருக்கிறது. வாசலில் கூட்டம், காதில் கொழும்புக்காரர். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் கட்டாரில் வேலை செய்கின்ற என் தங்கையின் மகன் ஞாபகம் வந்தது. இந்த லினக்ஸைப் போட்டுத் தந்ததே அவர்தான். போனை எடுத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “மாமா, ஒபிஸ் கொம்பியூட்டரிலேயே உட்கார்ந்து கணக்கைத் திறந்து பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. கவுண்டரில் வரவில்லை என்றதும் பதறிவிட்டேன், அந்தத் தம்பியும் அதைப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் திறந்தேன். அல்ஹம்துலில்லாஹ், நேற்று மாலை நிறுத்த கடைசி மூட்டை வரைக்கும் எல்லாம் அப்படியே இருந்தது. அந்த அம்மாவின் பாக்கியைப் பார்த்துச் சொல்லி, பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகுதான் கையில் நடுக்கம் நின்றது.

சகோதரர்களே, இதுதான் முதல் பாடம். இன்டர்நெட் கம்பனி மாறினால் கொம்பியூட்டர் கெட்டுப் போவதில்லை, கணக்கு அழிவதில்லை. கொம்பியூட்டருக்கு வழி தெரியாமல் போகிறது. வழியைச் சரிசெய்ய நான்கு இலக்கங்கள் போதும்.

ஏன் லினக்ஸ்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு எங்கள் கடையிலும் கொப்பி பண்ணிய விண்டோஸ்தான் ஓடியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் மென்பொருளையும் பாதுகாக்கிறது. காசு கொடுக்காத கொப்பியை வைத்து வியாபாரம் செய்வது சட்டப்படியும் பிழை, மனச்சாட்சிப்படியும் பிழை. லினக்ஸ் 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. யாரும் எடுக்கலாம், கொப்பி பண்ணிக் கொடுக்கலாம், குற்றமில்லை. அதில் ஒரு வகையான உபுண்டு 2004இல் வந்தது. 2011 வரை கேட்பவர்களுக்குத் தபாலிலேயே இலவசமாக சிடி அனுப்பினார்கள். அப்படி வந்த சிடியில்தான் நாங்களும் தொடங்கினோம். ஒரேயொரு குறை, எங்கள் பக்கத்தில் இதைத் திருத்தத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே கடைக்காரருக்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு இலக்கங்கள்

முதலாவது, கொம்பியூட்டரின் சொந்த முகவரி. ஐபி முகவரி என்பார்கள். எங்கள் ஒபிஸ் கொம்பியூட்டருக்கு 192.168.1.10 என்று இருந்தது. இதில் முதல் மூன்று பகுதியும் தெரு, கடைசிப் பகுதி வீட்டு இலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் மட்டும் பாவிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் எங்கள் கடையிலும் உங்கள் கடையிலும் ஒரே இலக்கம் இருந்தாலும் குழப்பம் வருவதில்லை.

இரண்டாவது, நெட்மாஸ்க். தெரு எது, வீட்டு இலக்கம் எது என்று பிரித்துக் காட்டுவது. சின்னக் கடைகளில் இது பெரும்பாலும் 255.255.255.0 என்றே இருக்கும். முதல் மூன்று பகுதியும் தெரு என்பதுதான் இதன் பொருள்.

மூன்றாவது, கேட்வே. வெளியே போகும் வாசல். எங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது இலகு. மகாவலித் தண்ணீரைப் பொல்கொல்லவில் மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளைக்குக் கொண்டுவந்து, 1976 முதல் இங்கே மின்சாரம் எடுத்து, பிறகு சுது கங்கையில் விடுகிறார்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் பொல்கொல்ல வாசல் வழியாக வந்தால்தான் எங்களுக்கு. அதுபோல ரௌட்டரின் இலக்கம்தான் கடைக்கு வாசல். அந்த இலக்கம் பிழையென்றால் வெளியில் இருக்கும் எதுவும் உள்ளே வராது.

நான்காவது, டிஎன்எஸ். இது டெலிபோன் டிரக்டரி. நாங்கள் பெயரை அடிக்கிறோம், கொம்பியூட்டருக்கு இலக்கம்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் இலக்கத்தைச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். ஆரம்ப காலத்தில் எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலில் எழுதி எல்லோரும் கொப்பி பண்ணி வைத்தார்கள். பட்டியல் பெரிதாகிச் சமாளிக்க முடியாமல் போனதும், 1983இல் அமெரிக்கரான போல் மொக்கபெட்ரிஸ் இந்த டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஒவ்வொரு இன்டர்நெட் கம்பனியும் தன் வாடிக்கையாளருக்கென ஒரு டிரக்டரி வைத்திருக்கிறது. மற்றக் கம்பனியின் ஆள் கேட்டால் அது பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இரண்டாவது அடி விழுந்தது இதில்தான்.

எங்களுக்கு என்ன நடந்தது?

லினக்ஸில் டெர்மினல் என்றொரு கறுப்புப் பெட்டி உண்டு. உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும். அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஐ, பி என்ற இரண்டு எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஏ என்ற எழுத்தை அடிக்கச் சொன்னார் மருமகன். அடித்தால் கொம்பியூட்டரின் முகவரி வருகிறது, 192.168.1.10. பிறகு என் போனில் வைஃபை விபரத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். அதில் 192.168.8.103 என்று இருந்தது.

“பார்த்தீங்களா மாமா, போன் 8ஆம் தெருவில் இருக்கு. ஒபிஸ் கொம்பியூட்டர் இன்னும் 1ஆம் தெருவிலேயே நிற்குது” என்றார்.

விடயம் இவ்வளவுதான். பழைய ரௌட்டரின் இலக்கம் 192.168.1.1. புதிய ரௌட்டரின் இலக்கம் 192.168.8.1. போன் தானியங்கி முறையில் இருப்பதால் புதிய ரௌட்டரிடம் கேட்டுப் புதிய முகவரியை வாங்கிக்கொண்டது. இந்த முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். கவுண்டர், ஸ்டோர் கொம்பியூட்டர்களும் அப்படியே வாங்கிக்கொண்டன. ஒபிஸ் கொம்பியூட்டருக்கும் பிரின்டருக்கும் மட்டும் நாங்கள்தான் நிலையான இலக்கத்தைக் கையால் எழுதி வைத்திருந்தோம். மற்றவர்கள் தேடி வரவேண்டிய இடம் அடிக்கடி மாறக்கூடாது என்பதற்காகச் செய்தது அது. அதில் பிழையில்லை. தெரு மாறும்போது கையால் எழுதியதைக் கையால்தான் மாற்ற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

மாற்றும் முறை

உபுண்டுவில் திரையின் வலது மேல் மூலையை அழுத்தி செட்டிங்ஸுக்குப் போய், நெட்வேர்க் என்பதைத் திறந்தால், இணைப்புக்குப் பக்கத்தில் பல்சக்கரப் படம் இருக்கும். அதை அழுத்தி ஐபிவி4 என்ற பக்கத்துக்குப் போங்கள். தானியங்கி, மெனுவல் என்ற தெரிவுகள் தெரியும். மெனுவல் என்றிருந்தால் கீழே நான்கு இலக்கங்களும் இருக்கும். எதையும் தொடுவதற்கு முன்னர் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைத்தால் திரும்பி வர வழி வேண்டும்.

நாங்கள் முகவரியை 192.168.8.10 என்றும், கேட்வேயை 192.168.8.1 என்றும் மாற்றினோம். நெட்மாஸ்க் பழையபடியே. மாற்றிச் சேமித்த பிறகு அந்த இணைப்பின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் புதியதை எடுத்துக்கொள்ளாமல் பழையதோடே நிற்கும்.

பிறகு டெர்மினலில் பிங் என்ற கட்டளையால் ஒவ்வொரு படியாகச் சோதித்தோம். கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். லினக்ஸில் அது தானாக நிற்காது, கன்ட்ரோல் விசையோடு சி எழுத்தை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். சோதிக்கின்ற ஒழுங்கு முக்கியம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ரௌட்டரின் இலக்கத்தைக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் வயர் கழன்றிருக்க வேண்டும், அல்லது முகவரி வேறு தெருவில் இருக்க வேண்டும். கம்பனிக்குப் போன் செய்வதில் பயனில்லை.

2. அடுத்து 8.8.8.8 என்ற இலக்கத்தைக் கூப்பிடுங்கள். இது கூகுள் 2009இல் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த டிரக்டரி. ரௌட்டர் பதில் சொல்லி இது சொல்லவில்லை என்றால், கொம்பியூட்டரில் கேட்வே பிழை, அல்லது கம்பனியின் லைன் வேலை செய்யவில்லை. போனில் வைஃபை மூலம் இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

3. மூன்றாவதாக ஒரு பெயரைக் கூப்பிடுங்கள், கூகுள் டொட் கொம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கத்துக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் பிழை டிஎன்எஸ்ஸில்தான்.

எங்களுக்கு இரண்டாம் படி வரை பதில் வந்தது, மூன்றாவதில் நின்றுவிட்டது. பார்த்தால் டிஎன்எஸ் இடத்தில் பழைய கம்பனியின் இரண்டு இலக்கங்கள் அப்படியே இருந்தன. அவர்களுடைய ஆட்களாக இல்லாமல் போன எங்களுக்கு அவர்களுடைய டிரக்டரி எப்படிப் பதில் சொல்லும்? அந்த இடத்தில் ரௌட்டரின் இலக்கத்தையே எழுதினோம், இன்டர்நெட் வந்துவிட்டது. இது நல்ல வழக்கம். எந்தக் கம்பனி வந்தாலும் அவர்களுடைய டிரக்டரி எது என்பது ரௌட்டருக்குத் தெரியும், கொம்பியூட்டர் ரௌட்டரிடம் கேட்டால் போதும்.

கடைசியாக, கவுண்டரும் ஸ்டோரும் ஒபிஸ் கொம்பியூட்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டிலும் ஹோஸ்ட்ஸ் என்றொரு சின்னக் கோப்பில், ஒபிஸ் என்ற பெயருக்கு நேரே பழைய இலக்கம் எழுதியிருந்தது. மேலே சொன்ன அந்த ஆதிகாலப் பட்டியலின் மிச்சம்தான் இந்தக் கோப்பு, ஒவ்வொரு லினக்ஸ் கொம்பியூட்டரிலும் இன்றும் இருக்கிறது. அதில் ஒரேயொரு வரியை மாற்றியதும் கவுண்டரில் கணக்கு வந்தது. பிரின்டருக்கு அதனுடைய பொத்தான்களை அழுத்தியே புதிய இலக்கம் கொடுத்து, கொம்பியூட்டரிலும் அந்த இலக்கத்தை எழுதினோம். எல்லாம் முடிய லுஹர் பாங்கு சொல்லவில்லை.

பழைய பாடத்தில் ஒரு குழி

இந்த வேலையைச் செய்பவர்கள் வழமையாக விழுகின்ற குழியொன்று இருக்கிறது. பழைய லினக்ஸ் புத்தகங்களில், டிஎன்எஸ் மாற்றுவதற்கு ரிசோல்வ் டொட் கொன்ஃப் என்ற கோப்பைத் திறந்து எழுதச் சொல்லியிருக்கும். ஒரு காலத்தில் அது சரி. இன்றைய உபுண்டுவில் அந்தக் கோப்பைக் கொம்பியூட்டரே எழுதுகிறது. நீங்கள் கையால் எழுதினால் அந்த நேரத்துக்கு வேலை செய்யும், மறுநாள் கடை திறக்கும்போது எழுதியது இருக்காது. திறந்து பார்த்து 127.0.0.53 என்று இருந்தாலும் பயப்படாதீர்கள், அது கொம்பியூட்டர் தன்னுள்ளேயே வைத்திருக்கும் இடைத்தரகர். மாற்றத்தை மேலே சொன்ன செட்டிங்ஸ் பக்கத்தில் செய்தால் மட்டுமே நிலைக்கும்.

இதைவிட இலகுவான வழி

அன்று நாங்கள் கொம்பியூட்டர்களையும் பிரின்டரையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். பிறகுதான் மருமகன் இன்னொரு வழியைச் சொல்லித் தந்தார். புதிய ரௌட்டரின் உள் இலக்கத்தையே பழைய ரௌட்டரின் இலக்கமாக மாற்றிவிடலாம். 192.168.8.1 என்பதை 192.168.1.1 ஆக்கினால் தெரு பழைய தெருவாகவே இருக்கும். உள்ளே எவருடைய முகவரியையும் தொடத் தேவையில்லை, டிஎன்எஸ்ஸை மட்டும் பார்த்தால் போதும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையதைப் போலவே வைத்தால் போன்களும் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் சேர்ந்துகொள்ளும்.

இதில் இரண்டு கவனம் வேண்டும். ஒன்று, இப்படி மாற்றும் முன்னர் பழைய ரௌட்டரின் வயரைக் கழற்றிவிடுங்கள். ஒரே தெருவில் ஒரே இலக்கத்தோடு இரண்டு வாசல் இருந்தால் எல்லாம் குழம்பும். இரண்டு, ரௌட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகள் 100இலிருந்து தொடங்கும்படி வையுங்கள். 10, 20 போன்ற சின்ன இலக்கங்கள் உங்கள் கையால் எழுதியவற்றுக்கு மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருநாள் யாரோ ஒருவரின் போனுக்கு உங்கள் ஒபிஸ் கொம்பியூட்டரின் இலக்கம் கிடைத்துவிடும், கவுண்டரில் கணக்கு மறுபடி நிற்கும்.

வேறு எவை மாறும்?

கடையில் கெமரா வைத்து வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உலகத்துக்கெல்லாம் இருந்த பழைய முறை முகவரிகள் சுமார் 429 கோடிதான். 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் எங்கள் ஆசியப் பிராந்தியத்தின் இருப்பும் கடைசிப் பகுதிக்கு வந்து, பங்கீட்டு முறையில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே பல கம்பனிகள் ஒரு வெளி முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பொதுவாகக் கொடுக்கின்றன. ரௌட்டரின் வெளிப்பக்க இலக்கம் 100.64 முதல் 100.127 வரையான ஒன்றில் தொடங்கினால், அல்லது 10இல் தொடங்கினால், உங்களுடையதும் பொது வாசல்தான். வெளியிலிருந்து நேராகக் கெமராவுக்கு வர முடியாது. உங்களுக்கென்று வெளி முகவரி தருவார்களா என்று இணைப்பு எடுக்கும் முன்னரே கேளுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

ஈமெயில் இன்னொன்று. இன்டர்நெட் கம்பனி தந்த ஈமெயிலை விசிட்டிங் காட்டில் அச்சடித்தவர்கள், லைனை வெட்டினால் அந்த முகவரியையும் இழக்க நேரிடும். கடைக்கென்று சொந்தப் பெயரை டொட் எல்கேயில் பதிவது நல்லது. 1990 முதல் இந்தப் பதிவு நம் நாட்டில் இருக்கிறது. 2010இல் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயருக்கும் அங்கீகாரம் கிடைத்தது. சொந்தப் பெயர் எந்தக் கம்பனிக்குப் போனாலும் உங்களோடு வரும்.

டொங்கல் பாவிப்பவர்கள் ஏபிஎன் என்ற பெயரையும் பார்க்க வேண்டும். சிம் மாறினால் அதுவும் மாறும். புதிய கம்பனியிடம் கேட்டு, லினக்ஸில் மொபைல் புரோட்பேண்ட் என்ற இடத்தில் புதிதாக ஓர் இணைப்பை உண்டாக்குங்கள். பழையதை அழிக்கத் தேவையில்லை.

‘நான் கம்பனி மாற்றப் போவதில்லை, எனக்கு எதற்கு இது?’ என்று நினைப்பீர்கள். நீங்கள் மாறாவிட்டாலும் கம்பனி மாறும். 2012இல் சண்டெல் டயலொக்கின் கைக்குப் போனது. 2018இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கியது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு சேர்ந்தது. ஒரே கம்பனிக்குள்ளேயே செப்பு வயரிலிருந்து ஃபைபருக்கு மாற்றும்போதும் புதிய ரௌட்டர் வருகிறது. புதிய ரௌட்டரோடு புதிய இலக்கங்களும் வரும்.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் அனுபவத்தில் நான் வகுத்துக்கொண்ட ஒழுங்கு இது.

1. சரக்கு குவிகின்ற நாட்களில் இணைப்பை மாற்றாதீர்கள். வியாபாரம் மந்தமான வாரத்தில், காலையில் மாற்றுங்கள். மாலையில் பொருத்தினால் சோதிக்க நேரமில்லை.

2. பழைய லைனை அன்றே வெட்டச் சொல்லாதீர்கள். ஒரு மாதக் கட்டணம் கூடப் போனாலும் பரவாயில்லை.

3. முதல் நாள் இரவு கணக்கைப் பென் டிரைவில் எடுத்து, அதை வேறொரு கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பாதீர்கள்.

4. பொருத்த வரும் ஆள் போனை மட்டும் சோதித்துவிட்டுப் போக விடாதீர்கள். எல்லாக் கொம்பியூட்டரிலும், பிரின்டரிலும் ஒரு பில் அடித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

5. யாராவது ஃபோமட் என்று சொன்னால், மேலே சொன்ன மூன்று பிங்கும் முடியும் வரை விசைப்பலகையில் கைவைக்க விடாதீர்கள். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த மருந்தை அவர் சொன்னார். ஆனால் அழிந்திருந்தால் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

இப்போது எங்கள் மேசை லாச்சியில் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. முதல் பக்கத்தில் ரௌட்டரின் இலக்கம், ஒபிஸ் கொம்பியூட்டரின் இலக்கம், பிரின்டரின் இலக்கம், நெட்மாஸ்க், டிஎன்எஸ் என்று வரிசையாக எழுதி, மாற்றிய திகதியையும் போட்டிருக்கிறேன். கடவுச்சொற்கள் அதில் இல்லை, அவை வீட்டு அலுமாரியில். நான் இல்லாத நாளிலும் மகன் அந்தப் பக்கத்தை வைத்து வேலையைச் செய்வார்.

இன்னொரு வழக்கத்தையும் தொடங்கியிருக்கிறேன். எங்களிடம் பணம் வைத்துவிட்டுப் போகின்ற ஒவ்வொருவருக்கும் பாக்கியை எழுதி ஒரு துண்டு கொடுக்கிறோம். வாரம் ஒருமுறை எல்லோருடைய பாக்கியையும் காகிதத்தில் அச்சடித்துக் கோவையில் போடுகிறோம். அந்த அம்மா முதலில் துண்டை வாங்க மறுத்தார், இத்தனை வருடம் இல்லாதது இப்போது எதற்கு என்றார். உங்களுக்காக அல்ல, எனக்காக என்று சொல்லித்தான் கொடுத்தேன். இப்போது வரும்போதெல்லாம் முந்தானையில் முடிந்து வைத்திருந்து எடுத்து நீட்டுகிறார்.

உங்கள் கடையிலும் கொம்பியூட்டர் இருந்தால், இன்றிரவு கடை மூடும் முன்னர் அந்த நான்கு இலக்கங்களையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். லைன் நன்றாக வேலை செய்கின்ற நாளில் பத்து நிமிட வேலை அது.